கேனில் என்ன இருக்கிறது?

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் கற்போர் வட்டம் இரவு ஏழரை மணிக்குக் கூடும். சமையலை முடித்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வருவார்கள். வீட்டு வேலைக்குப் போகிற அக்காமார் இருக்கிறார்கள். பெயிண்ட் அடிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். முலாம் பூசும் பட்டறையில் வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு நர்சிங் ஹோமில் தரை துடைக்கிற அக்காவும் வருவார்.

ஒருநாள் அந்த அக்கா தாமதமாக வந்தார். கண் சிவந்திருந்தது. பேச வாய் திறந்தால் இருமல் வந்தது.

“என்னக்கா, காய்ச்சலா?” என்று கேட்டேன்.

“காய்ச்சல் இல்ல டீச்சர். பாத்ரூம் கழுவினேன். கறை போகவே இல்ல. ஆசிட் ஊத்தினேன். அது மேலேயே பிளீச்சிங் பவுடரையும் கொட்டினேன். குப்புனு நெடி ஏறிச்சு. நெஞ்சை அடைச்சிடுச்சு. வெளியே ஓடி வந்துட்டேன்.”

“ரெண்டையும் சேர்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?”

“யாரு சொல்லுவாங்க? வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு எந்த மாடி, எந்த ரூம்னு சொன்னாங்க. பினாயில் எவ்வளவு ஊத்தணும்னு சொன்னாங்க. அதுவும் வீணாக்கக் கூடாதுன்னுதான்.”

“ஆசிட் டப்பாவில் எழுதியிருக்குமே அக்கா.”

அக்கா சிரித்தார். “டப்பாவை யாரு பார்த்தா? பெரிய கேன்லேருந்து பழைய தண்ணி பாட்டில்ல ஊத்திக் கொடுப்பாங்க. பாட்டில் மேல தண்ணி படம்தான் போட்டிருக்கு.”

வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிக்கிற விஷயமாக இல்லை.

என்னை எல்லோரும் டீச்சர் என்று அழைக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அறிவியல் பாடத்தில் அமிலம், காரம் என்று மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் எழுதினேன். அந்த அமிலம்தான் எங்கள் தெருவில் ஐம்பது ரூபாய்க்கும் குறைவாக விற்கிற கக்கூஸ் ஆசிட் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த இரவுக்குப் பிறகு படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பிளீச்சிங் பவுடரில் குளோரின் அடங்கி இருக்கிறது. தண்ணீரில் கிருமியைக் கொல்வது அதுதான். பவுடரின் மேல் ஆசிட் பட்டால், அடங்கி இருந்த குளோரின் வாயுவாக வெளியே வந்துவிடும். அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவரின் மூக்குக்கு நேராக நிற்கும். கதவு மூடிய சின்ன பாத்ரூம் என்றால் கேட்கவே வேண்டாம். 1915-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில், பெல்ஜியம் நாட்டில் எதிரிப் படையைக் கொல்ல இந்த வாயுவைத்தான் திறந்துவிட்டார்கள். போர்க்களத்தில் ஆயுதமாக இருந்த வாயு, துடைப்பமும் வாளியும் இருக்கிற இடத்தில் தெரியாமல் தயாராகிவிடுகிறது.

இப்படி நேர்ந்தால் உடனே வெளியே வர வேண்டும். நல்ல காற்றில் உட்கார வேண்டும். கண் எரிந்தால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் கழுவ வேண்டும். இருமல் நிற்காவிட்டால், மூச்சு இழுத்தால், டாக்டரிடம் போக வேண்டும். ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துப் படுத்த பிறகு, சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வருவதும் உண்டு. மறுநாள் காலையில் அக்காவை நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அன்று இரவே போயிருக்க வேண்டும். அந்த அறிவு அப்போது எனக்கும் இல்லை.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கக் கூடாது. கண்ணாடி துடைக்கிற சில மருந்துகளில் அம்மோனியா இருக்கும். அதையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது. ஆசிட்டில் தண்ணீர் கலக்க வேண்டி வந்தால், முதலில் வாளியில் தண்ணீர் வையுங்கள். அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட்டை ஊற்றுங்கள். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

ஆனாலும் ஆசிட் ஒரு வகையில் பரவாயில்லை. கையில் பட்டால் சுடும். மூக்கில் ஏறினால் நெடி வரும். ‘நான் ஆபத்து’ என்று அதுவே சொல்லிவிடும். எல்லா விஷமும் இப்படிச் சொல்வதில்லை. சிலது பார்க்க அழகாக இருக்கும். மணம் இருக்காது. பட்டால் வலிக்காது. அப்படி ஒன்றைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

கொடைக்கானலில் நடந்தது

கொடைக்கானல் உங்களுக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம். குளிர்ந்த மலை, ஏரி, காடு. அங்கே 1983-ஆம் ஆண்டு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை அமைந்தது. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சி செய்கிற இடம். அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையை அங்கே மூடிவிட்டு, இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் பாண்ட்ஸ் கம்பெனியிடம் இருந்தது. 1987-இல் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்குப் போயின. மலையில் இருந்த இளைஞர்களுக்கு அது நல்ல வேலை. பெரிய கம்பெனி, மாதச் சம்பளம்.

தெர்மாமீட்டருக்குள் வெள்ளிபோல ஒரு கோடு தெரியுமே, அதுதான் பாதரசம். உலோகம்தான். ஆனால் தண்ணீர்போல ஓடும். கீழே விழுந்தால் முத்து முத்தாக உருளும். குழந்தைகள் பார்த்தால் எடுத்து விளையாடும். நானும் சிறு வயதில் உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் உருட்டியிருக்கிறேன். யாரும் தடுக்கவில்லை.

தண்ணீர் வெயிலில் ஆவியாவதுபோல, பாதரசம் சாதாரண அறையிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறம் இல்லை. மணம் இல்லை. மூச்சு வழியாக உள்ளே போகும். இரத்தத்தில் கலக்கும். மூளையிலும் சிறுநீரகத்திலும் தங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வேலையைக் காட்டும். கை நடுங்கும். ஞாபக மறதி வரும். தூக்கம் கெடும். காரணம் இல்லாமல் கோபம் வரும். ஈறு வீங்கும். சிறுநீரகம் கெடும். இவ்வளவும் வேறு நோய்களிலும் வருவதுதான். அதனால் தொழிலாளிக்குச் சந்தேகமே வராது. ‘வயசாகிறது’ என்பார். ‘குடியை நிறுத்து’ என்பார்கள் வீட்டில். தான் எதோடு வேலை செய்கிறோம் என்று நோயாளி சொன்னால்தான் டாக்டரும் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாதரசத் துளி உடுப்பில் ஒட்டும். செருப்பில் ஒட்டும். தலைமுடியில் ஒட்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போனால் அதுவும் கூடவே வரும். அந்த உடுப்பைத் துவைக்கிற மனைவிக்கும் போகும். அப்பா வந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்கிற குழந்தைக்கும் போகும். பாதரசம் புழங்குகிற இடத்தில் வேலை உடுப்பை அங்கேயே கழற்றி, அங்கேயே துவைக்க வேண்டும் என்பது அதனால்தான்.

2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் உடைந்த கண்ணாடி குவிந்திருந்தது. அதில் பாதரசம் ஒட்டியிருந்தது. அது தொழிற்சாலையிலிருந்து வந்த கழிவு. ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் ஊர்வலம் போனார்கள். கழிவுக் கண்ணாடி கடைக்குப் போனதைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்த மாதமே தொழிற்சாலை நின்றது. மறுபடி திறக்கவில்லை. 2003-இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பல் ஏற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வந்த இடத்துக்கே போனது!

கழிவு கப்பல் ஏறிவிட்டது. தொழிலாளர்கள் எங்கே போவார்கள்? சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், தலைவலி என்று பலர் சொன்னார்கள். பாதரசத்தின் கேட்டைப் பற்றி எங்களுக்குச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை, தக்க பாதுகாப்பும் தரவில்லை என்பது அவர்கள் புகார். கம்பெனி இதை மறுத்தது. பாதுகாப்பு முறைகள் இருந்தன, ஆய்வுகளில் தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு தெரியவில்லை என்றது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் பத்து வருடம் நடந்தது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 591 முன்னாள் தொழிலாளர்களுக்குக் கம்பெனி உதவித் தொகை தருவதாக உடன்பாடு ஆயிற்று. எவ்வளவு தொகை என்று வெளியே சொல்லவில்லை.

தொழிற்சாலை மூடி, உடன்பாடு வர பதினைந்து வருடம்! வேலைக்குச் சேர்ந்தபோது இருபது வயதாக இருந்தவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும்.

இதை வகுப்பில் சொன்னபோது நர்சிங் ஹோம் அக்கா பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்.

“எங்க வார்டுலயும் தெர்மாமீட்டர் உடையும் டீச்சர். நான்தான் கூட்டி அள்ளுவேன். அதுவும் இதுதானா?”

அதுவும் இதுதான். இந்தியா 2018-இல் பாதரசத்தைக் குறைக்கும் உலக ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பல ஆஸ்பத்திரிகளில் இப்போது பேட்டரி தெர்மாமீட்டர் வந்துவிட்டது. ஆனால் பழையது இருக்கிற இடமும் உண்டு. டியூப் லைட்டுக்குள்ளும் கொஞ்சம் பாதரசம் உண்டு. உடைந்தால் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. கூட்டினால் துளி பொடிப் பொடியாகிச் சந்துக்குள் போகும். ஜன்னலைத் திறங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றாகத் தள்ளி எடுங்கள். மூடி உள்ள புட்டியில் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு இறுக மூடுங்கள். சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரி என்றால் புட்டியைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். அதை அப்புறப்படுத்துவது அவர்கள் கடமை.

தெரிந்தவர் சொல்ல வேண்டும்

மூக்குக்குத் தெரியாத விஷத்தைத் தொழிலாளி எப்படித் தெரிந்துகொள்வார்? தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு. கேனில் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியும். விற்றவருக்குத் தெரியும். செய்தவருக்கு நன்றாகத் தெரியும். கேனைத் தூக்குகிறவருக்கு மட்டும் தெரிவதில்லை.

போபால் நகரில் நடந்தது நாடே அறிந்த கதை. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, யூனியன் கார்பைடு பூச்சி மருந்துத் தொழிற்சாலையிலிருந்து விஷ வாயு கசிந்தது. விடிவதற்குள் ஊர் மயானம் ஆனது. ஆயிரக் கணக்கான பேர் செத்தார்கள். அது என்ன வாயு, என்ன மருந்து கொடுப்பது என்று ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கே தெரியவில்லை. அந்தத் தொழிற்சாலையின் வேலைக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிலாளர்களில் பலருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது.

அதற்குப் பிறகுதான் அரசாங்கம் விழித்தது. 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான பொருளைக் கையாளும் தொழிற்சாலையின் முதலாளி, அந்த ஆபத்து என்ன, எப்படித் தப்புவது என்று தொழிலாளிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதினார்கள். தகவல் கேட்பதும், பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்று எழுதினார்கள். 1989-இல் வந்த விதிகள், ஆபத்தான ரசாயனம் உள்ள ஒவ்வொரு கலத்திலும் அது இன்னது என்று ஒட்டியிருக்க வேண்டும் என்றன. அந்தப் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் இப்போது புதிய சட்டம் வந்திருக்கிறது. 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு பற்றித் தகவல் கேட்கும் உரிமை அதிலும் இருக்கிறது.

சட்டம் பெரிய தொழிற்சாலையைத்தான் முதலில் பார்க்கிறது. நாலு பேர் வேலை செய்கிற பட்டறைக்கு அதன் கண் எட்டுவது அபூர்வம். நம்மில் பலர் வேலை செய்வது அந்த நாலு பேர் பட்டறையில்தான். அதனால் நாமே கொஞ்சம் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இங்கே முலாம் பட்டறைப் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

“ஏம்மா, நாப்பத்தெட்டு வயசுல தமிழ் எழுத்து கத்துக்கிட்டேன். கேன்ல இங்கிலீஷ் இருக்கு. இல்லன்னா கன்னடம் இருக்கு. என் தமிழை வச்சு நான் என்ன படிக்கிறது?”

நியாயமான கேள்வி. படத்தைப் படிக்கலாம் என்றேன். மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு காலி டப்பாவைக் கழுவி எடுத்து வந்தார். அதில் சிவப்புக் கோடு போட்ட, சாய்ந்த சதுரங்கள் இருந்தன. உள்ளே கறுப்புப் படம். இந்தப் படங்கள் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் இவற்றை வெளியிட்டது. எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்ளலாம்.

தீ எரிகிற படம் என்றால் பற்றிக்கொள்ளும். தின்னர் டப்பாவில் இருக்கும். பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது. மண்டை ஓடும் எலும்பும் என்றால் கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து. ஒரு கையின் மேலும் ஒரு கட்டையின் மேலும் திரவம் சொட்டுகிற படம் ஆசிட்டுக்கு. தோலை அரிக்கும், இரும்பை அரிக்கும். ஆச்சரியக் குறி மட்டும் இருந்தால் எரிச்சல், அரிப்பு போன்ற கேடு. செத்த மீனும் பட்ட மரமும் என்றால் ஏரியில், சாக்கடையில் கொட்டக் கூடாது.

இன்னொரு படத்தைத்தான் நான் அதிகம் காட்டினேன். ஒரு மனிதனின் மார்பு. நெஞ்சில் நட்சத்திரம்போல வெடிப்பு. உள்ளே மெதுவாகத் தின்கிற பொருள் என்று அதற்கு அர்த்தம். புற்றுநோய், நுரையீரல் கேடு, கருவுக்குக் கேடு போன்றவை. அந்த டப்பாவைத் திறந்தால் ஒன்றும் ஆகாது. இன்றும் ஆகாது, நாளையும் ஆகாது. அதுதான் பயம். பாதரசப் புட்டியில் மண்டை ஓட்டோடு இந்தப் படமும் இருக்கும்.

பூச்சி மருந்துக்கு வேறு அடையாளம். சாய்ந்த சதுரத்தின் கீழ்ப் பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள். அதற்கு அடுத்தது நீலம். கடைசி பச்சை. எங்கள் வகுப்பில் ஒரு பாட்டி, “பச்சை போட்டா சைவம்தானே, ஒண்ணும் செய்யாது” என்றார். பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி சைவம்தான். பூச்சி மருந்தில் பச்சையும் விஷம்தான். மற்ற மூன்றைவிடக் குறைவு, அவ்வளவே.

கம்பெனிகளில் எம்.எஸ்.டி.எஸ். என்று ஒரு தாள் உண்டு. ரசாயனம் செய்த கம்பெனி அதன் குணத்தை எழுதித் தருகிற தாள். அது ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அதில் 16 பகுதிகள். எந்த நாட்டில் அச்சடித்தாலும் வரிசை மாறாது. 4-ஆம் பகுதி முதலுதவி. 8-ஆம் பகுதி என்ன கையுறை, என்ன முகமூடி என்பது. நமக்கு எண் தெரியும் அல்லவா? “சார், நாலாவதும் எட்டாவதும் என்ன சொல்லுதுன்னு படிச்சுக் காட்டுங்க” என்று கேட்கலாம். பெரியவருக்கு இது பிடித்துப் போனது. நாலு, எட்டு என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

கேட்கிற விதமும் முக்கியம். சண்டைக்குப் போவதுபோல் தனியாகப் போய்க் கேட்டால் வேலை போகலாம். இரண்டு மூன்று பேராகப் போய், பொறுமையாகக் கேட்டால் பதில் வரும். ‘ஒருத்தருக்கு ஏதாவது ஆனால் உங்களுக்கும்தானே கஷ்டம்’ என்றால் மேஸ்திரியும் காது கொடுப்பார். கர்நாடகத்தில் தொழிற்சாலைகளைப் பார்வையிட ஓர் அரசுத் துறை இருக்கிறது. புகாரை அங்கே எழுதிக் கொடுக்கலாம். வேலையால் வந்த நோய்க்கு இழப்பீடு உண்டு. சட்டத்தில் உள்ள தொழில் நோய்ப் பட்டியலில் பாதரச நோயும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் டாக்டரிடம் என்ன வேலை, என்ன பொருள் என்று சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் அந்தச் சீட்டுத்தான் சாட்சி.

நர்சிங் ஹோம் அக்கா கேட்டார். கூட வேலை செய்கிற இருவரையும் அழைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனார். “ஊத்திக் கொடுக்கிறதை ஊத்து, படிச்சிட்டு வந்து கேள்வி கேக்கறியா?” என்று முதலில் சத்தம் போட்டாராம். அக்கா இருமிக் காட்டினாராம். உண்மையாகவே வந்த இருமலா என்று நான் கேட்கவில்லை.

பிறகு பெரிய கேனை இருக்கிற அறைக்குக் கூட்டிப் போனார்கள். கை சொட்டுகிற படத்தை அக்காவே கண்டுபிடித்துக் காட்டினார். அன்று இரவு வகுப்பில் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினார். ‘ஆசிட். பவுடர் சேர்க்காதே.’ ‘ர்’ மேல் புள்ளி வைக்க மறந்து, பிறகு வைத்தார். கீழே அந்தக் கைப் படத்தை வரைந்தார். கூட வேலை செய்கிற கன்னடக்காரப் பெண் அதற்கும் கீழே கன்னடத்தில் எழுதிக் கொடுத்தாள். பசை தடவி பாட்டிலில் ஒட்டி, நனையாமல் இருக்க மேலே டேப் சுற்றியிருக்கிறார்கள்.

பாட்டில் இன்னும் அதே தண்ணீர் பாட்டில்தான். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். வேறு டப்பா கேட்டிருக்கிறார். மாதம் பிறந்ததும் வாங்கித் தருவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறாராம். இன்று தேதி பன்னிரண்டு.